அரசரின் தள்ளுவண்டித் தோட்டமும் கொற்கை முத்தும்

எங்க தூத்துக்குடி வீட்டு மொட்டை மாடியில் நாலு குரோ பேக்ல வெள்ளரி வச்சிருக்கேன். போர் தண்ணி உப்பு, அதனால தரையில் போட்டா தேறாது. பை, தென்னை நார்க்கழிவு, குடிதண்ணி எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்த அம்மா, "ஏலே, இந்தக் காசுக்கு மார்க்கெட்லயே மூட்டையா வாங்கிரலாமே"ன்னாங்க.

இந்தக் கேள்வியை ரோமப் பேரரசர் டைபீரியஸ்கிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். அவருக்குத் தினமும் வெள்ளரி வேணுமாம். பிளினி எழுதி வச்சிருக்கார்: சக்கரம் வச்ச பாத்திகள், வெயில் வர்ற பக்கமா தள்ளிட்டுப் போவாங்க, குளிர்காலத்தில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளுக்கு அடியில் வைப்பாங்க. தொட்டியில் வெள்ளரி வளர்த்த கதைகளில் ரொம்பப் பழசு இதுதான்னு நினைக்கிறேன். ஆனா ஒரு சின்ன பக் இருக்கு. 2008-ல் ஹாரி பாரிஸ், ஜூல்ஸ் ஜானிக் என்ற ஆய்வாளர்கள், அது வெள்ளரியே இல்ல, முலாம்பழத்தோட சொந்தக்காரக் காய், வட இந்தியாவில் ககடின்னு விற்கிற வகைன்னு வாதிட்டாங்க. நிஜ வெள்ளரியோட பூர்வீகம் நம்ம இமயமலை அடிவாரம்.

எனக்கு உறுத்துறது வேற. இதே டைபீரியஸ் கி.பி. 22-ல் செனட்டுக்கு எழுதின கடிதத்தில், பெண்களோட ரத்தினக் கற்களுக்காக ரோமப் பணம் அந்நியருக்குப் போகுதுன்னு புலம்புறார். பிளினியும் இந்தியா, சீனா, அரேபியா மூணும் சேர்ந்து வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுதுன்னு கணக்குச் சொல்றார். அந்தக் காசில் எங்க கடற்கரை முத்துக்கும் பங்கு உண்டு. (குளிர்காலக் காய்ச் செலவு எந்தக் கணக்கில் வரும் சார்?)

சரி, அந்த முத்தை எடுத்தது யாரு? முதலாம் நூற்றாண்டு கிரேக்க வணிகக் கையேடு 'பெரிப்ளஸ்', கொற்கையைக் கொல்கோய்னு குறிப்பிட்டு, அங்கே முத்துக்குளிக்கிறவங்க தண்டனைக் கைதிகள்னு சொல்லுது. அவ்வளவுதான், ஒரே வரி. என்ன குற்றம், எத்தனை பேர் மூச்சடைச்சு மேல வரல, எதுவும் இல்ல. அரசர் தட்டுல என்ன காய் இருந்ததுன்னு இரண்டாயிரம் வருஷம் கழிச்சும் ஆராய்ச்சி நடக்குது.

போன மாசம் கொற்கைக்கு பைக்ல போனேன். தாமிரபரணி வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப் போச்சு. வயலும் வாழையும்தான். முத்துத் துறைமுகம்னு யாராவது சொன்னாத்தான் தெரியும்.

டைபீரியஸ் வெயிலைத் தேடித் தள்ளினார், நான் நிழலைத் தேடி. பழைய ஆபீஸ் சேர் சக்கரத்தைப் பலகையில் மாட்டி, பைகளை அதுல ஏத்திட்டேன். நேத்து ரெண்டு பிஞ்சு. அம்மாதான் பறிச்சாங்க, உப்புத் தொட்டுச் சாப்பிட்டாங்க, எனக்குப் பாதி கொடுத்தாங்க.