கணையக் கல்லும் கேரளமும்

மதுவைத் தொடாத இளைஞர்களின் கணையத்தில் கல் படியும் நோயை, 1959இல் இந்தோனேசியாவின் ஏழை நோயாளிகளிடம் சூய்டெமா விவரித்தார். கேரளத்தில் அதை விரிவாக ஆராய்ந்தவர் மருத்துவர் கீவர்கீஸ். சிறுவயதில் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி, பருவமடையும் வயதில் நீரிழிவு, வாழவேண்டிய வயதில் மரணம்: அவர் கண்ட கொடிய வரிசை இதுதான்.

சாதாரண வயிற்று எக்ஸ்ரேயே நோயைக் காட்டிக்கொடுத்தது. முதுகெலும்பின் இருபுறமும் கற்கள் வெண்மையாகத் தெரியும். ஸ்கேன் வசதி பரவாத காலத்தில் இது பெரும் பேறு.

ஏழைகளின் உணவான மரவள்ளிக்கிழங்கின் சயனைடு நச்சே காரணம் எனப் பலரும் நினைத்தனர். கிழங்கு உண்ணாத பகுதிகளிலும் நோய் தென்பட்டதால் அந்தக் கருத்து வலுவிழந்தது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நீரிழிவை ஊட்டச்சத்துக் குறைவோடு சேர்த்து வகைப்படுத்தியது. 1999இல் அந்த வகையையே நீக்கியது. நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 மரபணு மாற்றம் பின்னர் கண்டறியப்பட்டது.