கடிக்கும் நாயும் இனத்தின் மேல் விழும் பழியும்

2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை 23 நாய் இனங்களின் பட்டியலை மாநிலங்களுக்கு அனுப்பி, அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்கச் சொன்னது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அடுத்த மாதமே சென்னைப் பூங்கா ஒன்றில் ஒரு சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதற, பட்டியல் மறுபடி பேச்சுக்கு வந்தது. எந்த இனம் பொல்லாதது என்பதைச் சுற்றியே விவாதம் நடந்தது. நாயின் நடத்தையை விளங்கிக்கொள்ள முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இனத்துக்கும் குணத்துக்குமான தொடர்பை அளந்த பெரிய ஆய்வு ஒன்று 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் தந்த விடைகளும், 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தகவல்களும் அதற்கு அடிப்படை. நாய்க்கு நாய் காணும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் குணத்தில் இனத்துக்கு ஓரளவு பங்கு இருந்தது. சீண்டினால் எவ்வளவு விரைவில் சீறும் என்பதில் அநேகமாக இல்லை. விடைகள் வளர்ப்பவர்களே சொன்னவை என்ற குறை இதில் உண்டு. இதைப் படித்துவிட்டு மரபுக்கே வேலையில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. பல குணங்கள் மரபுவழி வருவதையும் அதே ஆய்வு காட்டியது. தாய் தந்தையிடமிருந்து குட்டிக்கு இறங்குவது வேறு, இனப் பெயரைப் பார்த்து ஊகிக்க முடிவது வேறு. மிரளும் தாய்க்கு மிரளும் குட்டி பிறக்கலாம். அதனால் அந்த இனமே மிரளும் இனம் ஆகிவிடாது.

இனத்தைவிடக் கவனிக்க வேண்டியது குட்டிப் பருவம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் தங்கள் முடிவுகளை நூலாக்கினர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எவற்றோடெல்லாம் பழகுகிறதோ அவற்றைத் தன் உலகமாக ஏற்கிறது என்றார்கள். அங்கேயே நடந்து 1961இல் வெளியான சோதனை இன்னும் கூர்மையானது. உயர்ந்த வேலிக்குள் மனித வாடையே படாமல் 14 வாரம் வளர்ந்த குட்டிகளைப் பிறகு எவ்வளவு பழக்கியும் அவற்றின் அச்சம் முழுதாக நீங்கவில்லை. இடையில் ஒரே ஒரு வாரம் மனிதரோடு இருந்த குட்டிகள் அப்படி ஆகவில்லை.

நம் நகரங்களில் நடப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குட்டியை வாங்கி வந்ததும், தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே விடாதீர்கள் என்ற அறிவுரை வருகிறது. பார்வோ நோய்க்குப் பலியான குட்டிகளைப் பார்த்தவர்கள் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் ஊசிகள் முடியும்போது குட்டிக்கு நான்கு மாதம்; பழகும் பருவம் கடந்துவிட்டது. ஆட்டோ சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், ஓடும் குழந்தை எல்லாம் அதற்கு அந்நியம். ஊசி முடியும்வரை காத்திராமல், பாதுகாப்பாகப் பழக்கத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாமே!

வளர்ந்த பின்னும் நாய் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டேதான் இருக்கிறது. கேட் அருகே கட்டிப்போட்ட நாயைக் கவனியுங்கள். கூரியர் பையன் வருகிறான், நாய் குரைக்கிறது, அவன் கவரைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் வேலை முடிந்து போனான் என்பது நமக்குத் தெரியும். குரைத்ததால் ஓடினான் என்பதே நாய் கண்ட பாடம். தினமும் இது நடந்தால் குரைப்பு உறுமலாகி, ஒருநாள் சங்கிலி அறும்போது கடியாக முடியலாம். அன்று வீட்டுக்காரர் சொல்வது, “ஜாதி நாய் சார், அப்படித்தான் இருக்கும்.”

உடல் நோவும் கணக்கில் வர வேண்டும். காதில் சீழ், இடுப்பு மூட்டு வலி, பல்நோய் போன்றவை இருந்தால் சாதுவான நாயும் தொட்டவுடன் சீறும். ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தோலுக்குக் காரணமான நிறமிக் குறைவால் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன. வருபவரின் காலடி கேட்காமல் தூங்கும் நாயைத் திடீரென்று தொட்டால் அது திரும்பிக் கவ்வும். பார்ப்பவர் அதை முரட்டுக் குணம் என்பார். கோளாறு இருப்பதோ காதில்.

ஒரு மறுப்பை ஒதுக்க முடியாது. பெரிய நாய் கடித்தால் உயிரே போகலாம். பொமரேனியன் கடித்தால் பெரும்பாலும் தடுப்பூசியோடு முடியும். உண்மைதான். ஆனால் அது தாடையின் வலிமை பற்றிய வாதம், மனநிலை பற்றியதல்ல. உடல் வலிமையைப் பார்த்து வாய்மூடியும் கயிறும் கட்டாயமாக்கினால் அது பட்டியலில் இல்லாத கலப்பின நாய்க்கும் பொருந்தும். பெயரைப் பார்த்துத் தடைவிதித்தால், பட்டியலில் இல்லாத நாயை வாங்கி, அதையும் அதே சங்கிலியில் கட்டுவார்கள்.

ஆகவே மாநகராட்சிகளும் கால்நடை மருத்துவர்களும் நாய்க்கடியைப் பதியும்போது இனத்தோடு நிறுத்தாமல், குட்டியை எத்தனையாவது வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தார்கள், நாளில் எத்தனை மணி நேரம் கட்டிவைக்கிறார்கள், கடிப்பதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, நாய்க்கு வலியோ காது கேளாமையோ உண்டா என்ற நான்கையும் கேட்டு எழுத வேண்டும்.