மூன்று கடைகளுக்கு நடுவே ஒரு ஃபேன்

பழைய மாருதி 800 காரின் பானெட்டைத் திறந்தால், கம்பெனி போட்ட வயர்களோடு ஒட்டாத ஒரு வயர் தனியாக ஓடுவதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். ஒரு முனை ரேடியேட்டர் ஃபேனில் இருக்கும். மறுமுனை இக்னிஷன் லைனிலோ, டேஷ்போர்டுக்குக் கீழே திருகிய சின்ன சுவிட்சிலோ போய் முடியும். இன்ஜின் சூட்டுக்கு ஏற்பத் தானாகச் சுற்றி நிற்க வேண்டிய ஃபேன், சாவியைத் திருப்பியதும் சுற்றும்படி 'டைரக்ட்' கொடுக்கப்பட்டிருக்கிறது. விவரம் தெரியாத ஆள் செய்த வேலை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. அந்தத் தீர்ப்பு சரியல்ல என்பதே என் வாதம். அந்த வயருக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஃபேனை பெல்ட் சுழற்றிய காலத்தில் நம் பட்டறைத் தொழில் பாகம் பிரிந்து நின்ற விதத்திலிருந்துதான் அது வந்தது.

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும். ஓடவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது தளர்ந்து வழுக்கும். பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் டைனமோவைத் தள்ளி வைத்து இறுக்க வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்கக் கண்ணும் கையும் போதும், அந்தக் கண்ணும் கையும் மெக்கானிக்குடையவை. ரேடியேட்டர் அடைத்திருந்தால் அதைக் கழற்றி ரேடியேட்டர் கடைக்கு அனுப்புவார். அங்கே பற்றுவைத்த பித்தளைத் தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்து, குழாய்களுக்குள் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி உப்பை எடுத்து, மறுபடி ஈயம் வைத்துப் பூட்டுவார்கள். எலக்ட்ரீஷியனின் எல்லை வேறு: டைனமோ, ஸ்டார்ட்டர், கட்-அவுட், ஹாரன், விளக்கு. 1961-ல் தொடங்கிய லூக்காஸ் டிவிஎஸ் சென்னைப் பாடியில் செய்து கொடுத்த சாமான்கள்தான் அவருடைய உலகம். ஹீட் ஆகும் வண்டி அவரிடம் போக எந்த முகாந்திரமும் இல்லை. மூன்று கடைகளுக்கும் எல்லை தெளிவாக இருந்தது. அந்தக் கார்களுக்கு அந்த எல்லை பொருந்தியும் இருந்தது.

பெல்ட் ஃபேனுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும்போதுதான் ரேடியேட்டருக்குக் காற்று அதிகம் தேவை. அப்போது இன்ஜின் மெதுவாக ஓடுவதால் ஃபேனும் சோம்பிச் சுற்றும். எதிர்க்காற்றே போதுமான நெடுஞ்சாலையில் வீணாக வேகமெடுத்து இன்ஜின் சக்தியைத் தின்னும். ஆனால் இந்தக் குறை மட்டும் பெல்ட்டை விரட்டிவிடவில்லை. இன்ஜினைக் குறுக்கே வைக்கும் வடிவம் வந்ததுதான் காரணம்: அதில் பெல்ட் ஓடும் முனை முகப்பைப் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்க்கும். 1959-ல் மினி காரில் ஆலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்கே படுக்கவைத்தபோது, பெல்ட்டை விட மனமின்றி ரேடியேட்டரையே முகப்பிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்தார். இத்தாலியில் டான்டே ஜியாகோசா வேறு வழி போனார்: 1964-ல் வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலா, 1969-ல் வந்த ஃபியட் 128 இரண்டிலும் ரேடியேட்டர் காற்று படும் முகப்பிலேயே இருந்தது, ஃபேனுக்குத் தனி மோட்டார் கொடுக்கப்பட்டது. உலகம் பின்பற்றியது இந்த வழியைத்தான். இதற்கு ஆல்டர்னேட்டரும் துணைநின்றது. லூக்காஸின் சி40 டைனமோ நல்ல வேகத்தில் 22 ஆம்பியர் தரும்; ஐட்லிங்கில் அதன் சிவப்பு விளக்கு எரியும், அதாவது பேட்டரிக்கு எதுவும் போகாது. சிறிய காரின் ஃபேன் மோட்டார் 8, 10 ஆம்பியர் கேட்கும். அதிகம் வேண்டிய நேரத்தில் கரண்டே தராத டைனமோவை நம்பி எலக்ட்ரிக் ஃபேன் வைப்பது சிரமம்; ஐட்லிங்கிலும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் அந்தக் குறையைத் தீர்த்தது.

நம் நாட்டில் இந்த மாற்றத்தை வீதிவீதியாகக் கொண்டுவந்தது மாருதி. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். குறுக்கே வைத்த 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், தனி மோட்டாரில் ஃபேன். பெல்ட் இருந்தது, ஆனால் அதற்கும் ஃபேனுக்கும் சம்பந்தமில்லை. இப்போது வண்டி ஹீட் ஆனால் யாரிடம் போவது? ஃபேன் சுற்றவில்லை என்று மெக்கானிக் எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துப் பார்த்தார், மோட்டார் சுற்றியது. மோட்டார் நன்றாக இருக்கிறது, ரேடியேட்டரைப் பாருங்கள் என்றார். ரேடியேட்டர் கடை குத்திச் சுத்தம் செய்து அனுப்பியது. சுற்ற வேண்டிய நேரத்தில் அது ஏன் சுற்றவில்லை என்ற கேள்வி மூவரில் ஒருவருக்கும் உரியதாக இல்லை. அந்த நிலையில், தன் எல்லைக்குள் நின்று ஒரு எலக்ட்ரீஷியன் உத்தரவாதமாகத் தரக்கூடியது டைரக்ட் வயர் ஒன்றுதான். இன்ஜின் ஓடினால் ஃபேன் ஓடும் என்ற அம்பாசடர் காலத்து ஏற்பாட்டை அவர் தாமிரக் கம்பியால் திரும்பக் கொண்டுவந்தார்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும், பெரிய கருவியும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையை விரலால் சுற்றினால் புஷ் இறுகியிருக்கிறதா என்று தெரியும். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தும் சுற்றாத மோட்டார், உடம்பில் லேசாகத் தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. நேராகச் சுற்றினால் மோட்டாரை விட்டுவிட்டு, தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓடவைக்க அதன் வழியில் பொருத்திய தெர்மோ சுவிட்சின் வயர்களை ஒன்றுசேர்க்க வேண்டும்: சுற்றினால் கோளாறு சுவிட்சில், அல்லது சுவிட்சைத் தொடாத தண்ணீரில். அப்போதும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த். பலரை ஏமாற்றியது கடைசியில் சொன்ன எர்த்தான். பச்சை பூத்த ஒரு இணைப்பு டெஸ்ட் லைட்டை எரியவைக்கும், மீட்டரில் 12 வோல்ட்டும் காட்டும். 10 ஆம்பியரை மட்டும் விடாது. பிரேக் லைட்டின் 21 வாட் பல்பை அதே இடத்தில் மாட்டிப் பார்த்தால், மங்கி எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படிக் காட்டிக்கொடுத்த இணைப்பை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினால் வேலை முடிந்தது.

டைரக்ட் வயரோடு நிற்காமல் இப்படிக் கோளாறைத் தேடியிருக்க வேண்டும் என்றால் மூன்று மறுப்புகள் வரும். நம் ஊர் வெயிலில் ஃபேன் எப்போதும் சுற்றினால்தான் என்ன என்பது முதலாவது. தெர்மோஸ்டாட் வால்வு ஒழுங்காக இருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடாது என்பது உண்மைதான். பிரஷும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும், அவ்வளவே. ஆனால் ஃபேனை டைரக்ட் கொடுத்த அதே கை, சூடான ஊருக்கு எதற்கு என்று வால்வையும் கழற்றிப் போடுவது வழக்கம். இரண்டும் சேர்ந்தால் இன்ஜின் வேலைச் சூட்டையே எட்டாமல் பெட்ரோலைக் குடித்து, ஆயிலில் பெட்ரோல் கலந்து, சிலிண்டர் தேயும். இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம்: புது சுவிட்ச் கைக்குக் கிடைக்காது, வாடகை வண்டி நின்றால் அன்றைய சம்பாத்தியம் போய்விடும். இதை நான் முழுதாக ஏற்கிறேன். நடுவழியில் டைரக்ட் வயர் சரியான முதலுதவி. ஊர் திரும்பிய பிறகு அதைக் கழற்றாமல் விட்டதுதான் தவறு. இத்தனை ஆண்டும் ஓடிய வண்டிகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்பது மூன்றாவது. அம்பாசடரின் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு. கொதித்து அடங்கினாலும் பெரும்பாலும் தாங்கியது, அந்த அனுபவம்தான் தைரியம் கொடுத்தது. மாருதியின் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும், பிறகு கேஸ்கட், லேத், ஃபேஸிங். தண்ணீர் குறைந்து சுவிட்சைச் சுற்றி ஆவி மட்டும் இருந்ததால் ஃபேன் சுற்றாத வண்டிக்கு டைரக்ட் கொடுத்தால், ஃபேன் காற்றை வீசிக்கொண்டே இருக்கும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். கசிவைத் தேடச் சொன்ன ஒரே அடையாளத்தை அந்த வயர் அழித்துவிடுகிறது.

2000 வாக்கில் மாசு விதிகளுக்காக, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ முறை வந்தது. ஃபேனுக்கு உத்தரவிடும் பொறுப்பும் அந்தக் கம்ப்யூட்டருக்கு மாறியது. பல கார்களில் தண்ணீர் சென்சாரின் வயரைப் பிடுங்கிவிட்டால் ஃபேன் உடனே சுற்றத் தொடங்கி நிற்காமல் ஓடும்: சூடு எவ்வளவு என்று தெரியாதபோது அதிகம் என்றே வைத்துக்கொள்ளும்படி இன்ஜினியர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டறை எலக்ட்ரீஷியன் செய்ததும் ஏறக்குறைய இதுவே, அவருடைய உள்ளுணர்வைக் குறைசொல்ல இடமில்லை. கம்ப்யூட்டர் கூடுதலாக ஒன்று செய்கிறது. ஃபேனை ஓடவிட்ட கையோடு டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கை ஏற்றி, எந்த சென்சார் பேசவில்லை என்பதையும் குறித்துவைக்கிறது.