தரைத் துப்புரவு எந்திரன்

தரைத் துப்புரவு எந்திரன் என்பது வீட்டின் தரையில் தானாக ஊர்ந்து சென்று தூசியையும் குப்பையையும் உறிஞ்சி எடுக்கும் மின்கருவி ஆகும். இவற்றுள் பல, ஈரத் துணியால் தரையைத் துடைக்கவும் வல்லவை. பேச்சு வழக்கில் உறிஞ்சும் வகை ரோபோ வாக்குவம் கிளீனர் எனவும், துடைக்கும் வகை ரோபோ மாப் எனவும் அழைக்கப்படுகின்றன. மனிதர் கையால் தள்ளிச் செல்லும் தூசுறிஞ்சியைப் போலன்றி, இக்கருவி தன் வழியைத் தானே தெரிவு செய்கிறது. மின்கலத்தில் மின்னேற்றம் குறையும்போது தானே மின்னேற்று நிலையத்துக்குத் திரும்புகிறது.

பெருக்குதல், துடைத்தல் ஆகிய அன்றாட வேலைகளைக் குறைப்பதே இக்கருவியின் நோக்கம். எனினும் அவ்வேலை முற்றாக மறைந்துவிடுவதில்லை. தரையைக் கருவிக்கு ஏற்றவாறு ஒழுங்கு செய்தல், கருவியைப் பராமரித்தல் என அது வேறு உருவம் பெறுகிறது. வீட்டின் உட்புறத்தை அளந்து பதிவு செய்யும் கருவி என்பதால், அந்தரங்கம் தொடர்பான கேள்விகளும் இதனுடன் இணைந்துள்ளன.

வரலாறு

முன்னோடிகள்

பிரித்தானியப் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் 1901 ஆம் ஆண்டில் உருவாக்கிய தூசுறிஞ்சி, குதிரை வண்டியில் ஏற்றிச் செல்லப்பட வேண்டிய அளவுக்குப் பெரியது. வண்டி வீதியில் நிற்க, நீண்ட குழாய்கள் சாளரங்களின் வழியாக வீட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் 1908 இல் கையால் தள்ளக்கூடிய மின் தூசுறிஞ்சிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உரிமையே பின்னர் ஹூவர் நிறுவனத்தின் தொழிலுக்கு அடிப்படையாக அமைந்தது.

சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம், தானே நகரும் தூசுறிஞ்சியின் முன்மாதிரி ஒன்றை 1996 இல் பிபிசி தொலைக்காட்சியில் காட்டியது. இதன் விற்பனை வடிவம் 2001 இல் டிரைலோபைட் என்ற பெயரில் வெளிவந்தது. அழிந்துபோன ஒரு கடல்வாழ் உயிரினத்தின் பெயர் இது. வௌவாலைப் போல மீயொலி அலைகளைப் பயன்படுத்தி அக்கருவி தடைகளை உணர்ந்தது.

ரூம்பா

மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரொட்னி புரூக்ஸ், கொலின் ஆங்கிள், ஹெலன் கிரைனர் ஆகியோர் 1990 இல் ஐரோபோட் நிறுவனத்தைத் தொடங்கினர். ஓர் எந்திரன் தன் சூழலின் முழுமையான படத்தை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டியதில்லை, உணரிகள் தரும் செய்திக்கு உடனுக்குடன் எளிய எதிர்வினை ஆற்றினாலே போதும் என்பது புரூக்சின் கருத்து. இக்கருத்தின் வழிவந்த ரூம்பா 2002 செப்டெம்பரில் ஏறத்தாழ 200 அமெரிக்க டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. குறைந்த விலை காரணமாக இது விரைவில் பரவியது. தரையை நீரால் கழுவும் ஸ்கூபா என்ற கருவியை இதே நிறுவனம் 2005 இல் வெளியிட்டது.

பிற்கால வளர்ச்சி

2010 இல் நீட்டோ நிறுவனம், லேசர் கொண்டு அறையை அளக்கும் எந்திரனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2015 இல் வந்த ரூம்பா 980, கேமராவின் உதவியுடன் படம் வரைந்ததோடு இணையத்துடனும் இணைந்தது. 2016 இல் சியாவோமி நிறுவனம் குறைந்த விலையில் லேசர் வகையை வெளியிட்டதைத் தொடர்ந்து சீன நிறுவனங்களின் பங்கு பெருகியது. ரோபோராக், ஈகோவாக்ஸ் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 2018 இல் வெளியான ரூம்பா ஐ7 பிளஸ், சேர்ந்த தூசியை நிலையத்திலேயே தானாகக் கொட்டும் வசதியைக் கொண்டிருந்தது.

ஐரோபோட்டை 170 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக அமேசான் நிறுவனம் 2022 ஆகத்தில் அறிவித்தது. ஐரோப்பியப் போட்டி ஒழுங்குமுறை அமைப்பின் எதிர்ப்பை அடுத்து 2024 சனவரியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் ஐரோபோட் திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது.

அமைப்பு

பெரும்பாலான எந்திரன்கள் ஏறத்தாழ 35 செ.மீ விட்டமும் 10 செ.மீ அளவு உயரமும் கொண்ட வட்டத் தட்டு வடிவில் அமைந்துள்ளன. கட்டில், நாற்காலி போன்றவற்றின் அடியில் நுழைவதற்கும், மூலையில் சிக்காமல் நின்ற இடத்திலேயே திரும்புவதற்கும் இவ்வடிவம் உதவுகிறது. முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

* சக்கரங்கள்: தனித்தனி மின்னோடிகளால் இயங்கும் இரு சக்கரங்களும், தாங்குவதற்கு ஒரு சிறு சக்கரமும் உள்ளன. இரு சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் சுழன்றால் கருவி நின்ற இடத்திலேயே திரும்பும்.
* தூரிகைகள்: பக்கத் தூரிகை சுவரோரக் குப்பையை உள்ளே தள்ளுகிறது. அடியில் உள்ள உருளைத் தூரிகை அதனை வாரி எடுக்கிறது.
* உறிஞ்சு விசிறி: காற்றை இழுத்துத் தூசியைத் தூசிப் பெட்டியில் சேர்க்கிறது. வெளியேறும் காற்று வடிகட்டி வழியாகச் செல்கிறது.
* மோதல் உணரி: முன்புறத் தடுப்பு ஏதேனும் ஒன்றில் இடித்தால் கருவி திசை மாறுகிறது.
* விளிம்பு உணரி: அடிப்புறத்திலிருந்து அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புகிறதா எனப் பார்க்கிறது. திரும்பாவிடில் படிக்கட்டு எனக் கொண்டு கருவி பின்வாங்குகிறது.
* மின்கலம்: தொடக்க காலக் கருவிகளில் நிக்கல் வகையும், தற்போது பெரும்பாலும் லித்தியம் அயனி வகையும் பயன்படுகின்றன.

வழி அறியும் முறைகள்

தொடக்க கால ரூம்பா சுருளாகச் சுற்றுதல், சுவரை ஒட்டிச் செல்லுதல், இடித்தால் வேறு கோணத்தில் திரும்புதல் ஆகிய சில நடத்தைகளை மாற்றி மாற்றிச் செய்தது. இம்முறையில் ஒரே இடம் பலமுறை பெருக்கப்படலாம், வேறோர் இடம் விடுபடலாம். ஆயினும் போதிய நேரம் ஓடினால் அறையின் பெரும் பகுதி தூய்மையாகிவிடும்.

லேசர் முறையில், கருவியின் மேல் உள்ள சிறு கோபுரத்தில் சுழலும் உணரி, சுவர்களுக்கும் பொருட்களுக்கும் உள்ள தொலைவை அளக்கிறது. இவ்வளவுகளைக் கொண்டு, கருவி வரைபடத்தை உருவாக்கிக்கொண்டே அதில் தான் இருக்கும் இடத்தையும் கணிக்கிறது. இருட்டிலும் இது செயல்படும். கேமரா முறையில் அறையில் உள்ள தனித்த அடையாளங்கள் பின்தொடரப்படுகின்றன. இதற்கு ஓரளவு வெளிச்சம் தேவை. வரைபடம் உள்ள கருவிகள் வரிசையாகப் பெருக்குகின்றன. குறிப்பிட்ட அறையை மட்டும் தூய்மையாக்கவும், சில இடங்களைத் தவிர்க்கவும் செல்பேசிச் செயலி மூலம் பணிக்கலாம்.

ஈரத் துடைப்பு

எளிய வகைகளில், நீர்த்தொட்டியிலிருந்து கசியும் நீரால் நனைந்த துணி கருவியின் பின்னால் இழுத்துச் செல்லப்படுகிறது. இது தரையை நனைத்து மேலோட்டமான தூசியை எடுக்குமே தவிர, காய்ந்து ஒட்டிய கறையைத் தேய்த்து எடுப்பதில்லை. மேலும் துணி அழுக்கான பின் அந்த அழுக்கையே தரையெங்கும் பரப்பவும் கூடும். இக்குறைகளை நீக்க அதிரும் துணிகள், அழுத்திச் சுழலும் வட்டத் துணிகள், ஓடும்போதே கழுவப்படும் உருளைகள் ஆகியன உருவாக்கப்பட்டன. 2020களில் பரவிய நிலையங்கள் துணியை நீரால் அலசிச் சூடான காற்றால் உலர்த்துகின்றன. கம்பளத்தை உணர்ந்ததும் துணியை மேலே தூக்கிக்கொள்ளும் வகைகளும் உள்ளன.

வீட்டில் பயன்பாடு

எந்திரன் ஓடுவதற்கு முன் தரையில் கிடக்கும் மின்கம்பிகள், நூல், காலுறை, சிறு விளையாட்டுப் பொருட்கள் போன்றவை அகற்றப்பட வேண்டும். இவை தூரிகையில் சுற்றிக்கொண்டால் கருவி நின்றுவிடும். நீண்ட தலைமுடியும் தூரிகையின் அச்சில் சிக்கும். அதனை அவ்வப்போது வெட்டி எடுக்க வேண்டும். ஏறத்தாழ 2 செ.மீ உயரத்துக்கு மேற்பட்ட வாசற்படிகளைப் பல கருவிகளால் தாண்ட இயலாது. கருநிறக் கம்பளம் அகச்சிவப்புக் கதிரை உட்கவர்வதால், விளிம்பு உணரி அதனைப் பள்ளம் எனப் பிழையாகக் கொள்வதும் உண்டு.

வளர்ப்பு விலங்குகள் உள்ள வீடுகளில் மலக் கழிவின் மேல் கருவி ஏறி, அதனை வீடு முழுவதும் பூசிவிடுவது நன்கு அறியப்பட்ட இடர். இதனைக் கேமரா மூலம் கண்டு தவிர்க்கும் ரூம்பா வகை 2021 இல் வெளியானது. தரையில் படுத்துறங்கும் வழக்கம் உள்ள வீடுகளில் வேறோர் இடர் உண்டு. 2015 இல் தென் கொரியாவில் தரையில் உறங்கிய ஒரு பெண்ணின் கூந்தலை எந்திரன் உறிஞ்சியதால் மீட்புப் பணியாளர் வர நேர்ந்தது. எனவே தரையில் எவரேனும் படுத்திருக்கும்போது இதனை இயக்காமல் இருப்பது நன்று.

வீட்டு வேலையில் ஏற்பட்ட மாற்றங்கள்

வரலாற்றாளர் ரூத் சுவார்ட்சு கோவன் 1983 இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்கு வந்த கருவிகள் பெண்களின் வேலை நேரத்தை எதிர்பார்த்த அளவு குறைக்கவில்லை எனக் காட்டினார். முன்னர் ஆண்களும் சிறுவர்களும் செய்துவந்த பங்கைக் கருவிகள் எடுத்துக்கொண்டன. அதே வேளை, தூய்மை பற்றிய எதிர்பார்ப்பு உயர்ந்தது. எஞ்சிய வேலை பெண்கள் மீதே விழுந்தது.

ரூம்பாவைப் பொறுத்தவரை சற்று மாறுபட்ட நிலையும் கண்டறியப்பட்டுள்ளது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோடி ஃபோர்லிசி, சாதாரணத் தூசுறிஞ்சி தரப்பட்ட குடும்பங்களையும் ரூம்பா தரப்பட்ட குடும்பங்களையும் ஒப்பிட்டார். 2007 இல் வெளியான அவ்வாய்வின்படி, ரூம்பா வந்த வீடுகளில் ஆண்களும் சிறுவர்களும் துப்புரவில் கூடுதலாகப் பங்குகொண்டனர். அதே ஆண்டு சியார்சியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், பலர் தம் எந்திரனுக்குப் பெயர் சூட்டியதையும், அது எளிதில் ஓடுவதற்காக வீட்டுப் பொருட்களை இடம் மாற்றியதையும் பதிவு செய்தனர். வீட்டுக்கு ஏற்பக் கருவி அமைவதோடு, கருவிக்கு ஏற்ப வீடும் அமைகிறது என்பதை இவ்வாய்வு காட்டுகிறது.

இந்தியாவில் பெருக்குதலும் துடைத்தலும் பல நகர வீடுகளில் கூலி பெறும் பணிப்பெண்களின் வேலையாக இருந்து வருகின்றன. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அவர்கள் வேலைக்கு வர இயலாத நிலையில், இக்கருவிகளை வாங்குவோர் தொகை உயர்ந்தது. ஒரு வீட்டுக்கு வசதியாக அமைந்த இக்கொள்வனவு, இன்னொரு வீட்டின் வருமானத்தோடு தொடர்புடையது. எனினும் பாத்திரம் துலக்குதல், சமையலறை மேடை துடைத்தல், குளியலறை கழுவுதல் போன்ற வேலைகள் இக்கருவியால் செய்ய இயலாதவை.

அந்தரங்கம்

வரைபடம் வரையும் எந்திரன், வீட்டில் எத்தனை அறைகள் உள்ளன, எந்நேரம் தரை தூய்மையாக்கப்படுகிறது போன்ற செய்திகளைச் சேர்க்கிறது. கேமராவும் ஒலிவாங்கியும் உள்ளவை இன்னும் கூடுதலாக அறியக்கூடும். 2020 இல் சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட ரூம்பா கருவிகள் எடுத்த படங்கள், கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, படங்களுக்குக் குறிப்பிடும் கூலிப் பணியாளரின் வழியாகச் சமூக வலைத்தளங்களில் கசிந்தன. எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் 2022 டிசம்பரில் இதனை வெளியிட்டது. அவை கடைகளில் விற்கப்படாத சோதனைக் கருவிகள் எனவும், பயன்படுத்தியோர் ஒப்புதல் அளித்திருந்தனர் எனவும் நிறுவனம் விளக்கியது. 2024 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சில நகரங்களில் ஈகோவாக்ஸ் எந்திரன்களுக்குள் ஊடுருவியோர், அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வீட்டாரை நோக்கி வசைமொழி பேசினர்.

கேமரா இல்லாத வகையைத் தெரிவு செய்தல், இணைய இணைப்பின்றிப் பயன்படுத்துதல், மென்பொருளை இற்றைப்படுத்துதல், வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வைத்தல், கருவியை விற்கும் முன் வரைபடத்தை அழித்தல் ஆகியன பாதுகாப்பு வழிகளுள் சில.

பராமரிப்பும் ஆயுளும்

தூசிப் பெட்டியைக் காலி செய்தல், வடிகட்டியைத் தட்டித் தூய்மையாக்குதல், உணரிகளைத் துடைத்தல் ஆகியன ஒழுங்காகச் செய்யப்பட வேண்டும். ஈரத் துணியையும் அழுக்கு நீரையும் அப்படியே விட்டால் துர்நாற்றமும் பூஞ்சையும் உண்டாகும். உற்பத்தியாளர் குறிப்பிடாத பினைல், வெளுப்புத் தூள் கரைசல் போன்றவற்றை நீர்த்தொட்டியில் ஊற்றினால் குழாய்களும் அடைப்பான்களும் கெடக்கூடும். மின்கலத்தின் கொள்ளளவு சில ஆண்டுகளில் குறைந்துவிடும். எனவே மாற்று மின்கலமும் தூரிகையும் கிடைக்கின்றனவா என்பதை வாங்கும்போதே கவனிப்பது வழக்கம்.

இணையச் சேவையை நம்பிய கருவியின் ஆயுள், அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஆயுளோடு பிணைந்துள்ளது. நீட்டோ நிறுவனம் 2023 இல் மூடப்பட்டது. சேவை மேலும் ஐந்தாண்டுகள் தொடரும் என அப்போது கூறப்பட்ட போதிலும், 2025 இலேயே அது நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சேவை நின்றபின் செயலி பயனற்றுப்போகும் எனினும், கருவியில் உள்ள பொத்தானை அழுத்தி அதனை இயக்கலாம்.