நாடி, காற்றுப்பட்டி, மணிக்கூடு



எசனில் வைத்தியரிடம் போனால், குருதி அமுக்க எண்ணுக்கு முன்னால் ‘ஆர்ஆர்’ என்று எழுதுவதைக் கண்டிருப்பீர்கள். 1896இல், கையில் காற்றுப்பட்டி கட்டி அளக்கும் கருவியைச் செய்த இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சியின் பெயர்ச் சுருக்கம் அது.

அதற்கு முன்னர் எங்கள் சித்த வைத்தியர்களைப் போலவே மேற்கிலும் விரல் வைத்துத்தான் நாடி பார்த்தார்கள். 1854இல் ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரில் பேராசிரியர் பீரோர்ட், மணிக்கட்டு நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவியொன்றைச் செய்தார். துடிப்பின் வடிவம் தெரிந்தது; அமுக்கத்தின் சரியான அளவு கிடைக்கவில்லை. அதைத் தந்தது பட்டிதான். 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கோவ், பட்டியோடு ஸ்டெதஸ்கோப்பையும் வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். மேல், கீழ் என இரண்டு எண்களும் கிடைத்தன.

இன்று பட்டியில்லாமல் அமுக்கம் காட்டும் கைமணிக்கூடுகள் பல, தோலில் ஒளி பாய்ச்சி, பீரோர்ட் வரைந்த அதே துடிப்பைத்தான் படிக்கின்றன. அமுக்கத்தை நேரடியாக அளப்பதில்லை, கணக்கிட்டுச் சொல்கின்றன. அதனால்தான் பலவற்றை முதலில் பட்டியோடு ஒப்பிட்டுச் சரிப்படுத்த வேண்டியிருக்கிறது. நோயைத் தீர்மானிக்கவோ சிகிச்சைக்கோ இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் குருதி அமுக்கச் சங்கம் 2023இல் அறிவுறுத்தியது.

மணிக்கூட்டில் எண் குறைந்துவிட்டதென்று குளிசையை நிறுத்திவிடாதீர்கள். மேல்கையில் பட்டி கட்டி அளந்து, அந்த எண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள்.