பஸ் ஏறிப் போன நாகைச் செய்தி



சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது; 1993-இல் சன் டிவி வந்தது. ஆனாலும் நம்ம நாகை டிவியில் வரணும்னா புயல் அடிக்கணும்! படமெடுத்த கேசட்டை ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு ஏற்றிவிட்டால் மறுநாள்தான் ஒளிபரப்பு.

சென்னையில் நிருபராக இருந்த நான், 2002-இல் சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு வந்தேன். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கேமராவோடு நின்றால், "தம்பி, நீ வாத்தியார் மவன்தானே?" என்பார்கள். பிறகு பேச்சுக்குப் பஞ்சமில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டையில் கிடத்தியிருந்தவர்களில் பலரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். நம் வகுப்புத் தோழன் ஒருவன், "அம்மா முகத்தைக் காட்டாதடா" என்றான். சென்னையிலிருந்து போன் மேல் போன். அவன் குரலை மட்டும் அனுப்பினேன்.