பாஸ்போர்ட் இல்லாத வெளிநாடு

யூரெயில் பாஸ் எடுத்து ஐரோப்பாவைச் சுற்றுவதைப் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பாஸ் வந்தது 1959-இல். தென்காசிக்காரர்களோ 1904-லேயே ரயிலேறி இன்னொரு ராஜ்ஜியத்துக்குப் போய்வந்தார்கள்! பக்கத்திலிருக்கும் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். தனி மகாராஜா, தனி அஞ்சல், சக்கரம் என்று தனிக்காசு. ரயில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே, சவுத் இந்தியன் ரயில்வேயின் மீட்டர்கேஜ். மலையைக் குடைந்து, கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் தாண்டி, கொல்லம் வரை போனது.

1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழர் பக்கம் வந்தது. எல்லை புளியரைக்கு அப்பால் நகர்ந்தது.

எல்லைகூடத் தடுக்காத ரயிலை, அகலப்பாதை வேலை தடுத்தது. 2010-இல் மலைப்பாதை மூடப்பட்டு, 2018-இல்தான் முழுதாகத் திறந்தது. அந்த எட்டு வருஷமும் புனலூருக்கு பஸ்தான்.